ஆடத் தெரியாதவளும் கோணல் கிரவுண்டும்

போன ஞாயித்துக்கிழம தென்னாப்பிரிக்கா டர்பன்ல, நம்ம சாட்ஸ்வொர்த்ல நம்ம சங்கத்து விழாவுல நான் பேசுனத எழுதி அனுப்புக்கான்னு நாலஞ்சு பேரு கேட்டாங்க, அதான் இது. மேடையில வாய்க்கு வந்தபடியேதான் இருக்கு, இருமல் மட்டும் எடுத்துட்டேன்.

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் தம்பி, கோயில் குருக்கள் ஐயா, மொத வரிசையில ஒக்காந்திருக்கற பெரியம்மாமாரே, வேற ரெண்டு ஃபங்ஷன் இருந்தும் நேரம் ஒதுக்கி வந்திருக்கற கவுன்சிலர் அம்மா (அம்மா, நான் முடிக்கற வரைக்கும் எந்திரிக்காதீங்க, உங்களுக்கு ஒரு சேதி வச்சிருக்கேன்), அப்புறம் பின்னாடி பிரியாணி அண்டா கிட்ட நிக்கற அண்ணன்மாரே, போன வருஷம் உங்க பேர விட்டுட்டேன்னு எனக்கு எலும்பா போட்டீங்க, இந்த வருஷம் சொல்லிட்டேன், நல்ல பீஸா பாத்து போடுங்க.

எனக்கு குடுத்த தலைப்பு, இந்திய ரசிகர்களோட கிரிக்கெட் பைத்தியமும் இப்ப புதுசா வந்திருக்கற புட்பால் ஆசையும். மூணு விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு கிரிக்கெட், ரெண்டு புட்பால், மூணாவது இந்த டிவி காசு எல்லாத்தையும் எப்படி மாத்துச்சுங்கறது. அதுக்கு முன்னாடி எங்க ஆயா சொல்ற பழமொழி ஒண்ணு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இத ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

கிரிக்கெட்னா எனக்கு 1992 நவம்பர்தான். நெறவெறி ஆட்சிக்காக நம்ம தென்னாப்பிரிக்காவ உலகம் ஒதுக்கி வச்சிருந்து திரும்ப சேத்துக்கிட்ட நேரம், இந்தியா டீம் மொத தடவையா இங்க டெஸ்ட் ஆட வருது, அதுவும் மொத மேட்சே நம்ம டர்பன் கிங்ஸ்மீட்ல. எங்க அப்பா காலத்துல கிரவுண்டுல நம்மளுக்கு தனி வேலி, தனி எடம், அந்த வேலிக்குள்ள ஒக்காந்துக்கிட்டு வெளிநாட்டு டீம் எது வந்தாலும் அதுக்குத்தான் கைதட்டுவாங்க, அது ஒரு கோவம். அப்படிப்பட்ட மனுஷன் அன்னிக்கு எங்க வேணும்னாலும் ஒக்காரலாம்னதும் புதுச் சட்ட தச்சு போட்டுக்கிட்டாரு. டிக்கெட் ரெண்டு. ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு எங்க அண்ணனுக்கு. அண்ணனுக்கு அம்மை போட்டுடுச்சு. டிக்கெட்ட வீணாக்க மனசு வரல, சரி இவளயாவது இழுத்துட்டுப் போவோம்னு பதினோரு வயசுப் பொண்ணு என்னைய கூட்டிட்டுப் போனாரு. சனிக்கிழம, ரெண்டாவது நாள் ஆட்டம். எங்கம்மா வெள்ள கவுன் போட்டு விட்டுட்டாங்க, கிரிக்கெட்டுக்கு வெள்ளதானே போடுவாங்கன்னு. அப்பா என்ன வாங்கித் தந்தாரு? மட்டன் பன்னி சௌங்கற நம்ம ஊரு ரொட்டிக் கொழம்பு! வெள்ள கவுன், மடியில ரொட்டிய கொடஞ்சு ஊத்துன கொழம்பு, கூட்டம் வேற, பக்கத்துல ஒரு மாமா ஃபோருக்கு எந்திரிச்சு குதிக்கறாரு, மொத்த கொழம்பும் என் மேல. அப்பா தலையில கைய வச்சுக்கிட்டு "போ, போய் கழுவு, சச்சின் ஆடறான், நான் வரமாட்டேன்"னுட்டாரு. பின் வரிசையில ஒரு அக்கா, யாரு எவருன்னு தெரியாது, எந்திரிச்சு வந்தாங்க. கொழா கிட்ட கூட்டிட்டுப் போயி, அவங்க சால்வைய ரெண்டு கையாலயும் விரிச்சு எனக்கு மறைப்பா புடிச்சாங்க, நான் உள்ள நின்னு கவுன கசக்கறேன். அப்ப பாத்து கிரவுண்டு கப்புனு அடங்கிப் போச்சு. ஆயிரக்கணக்கான சனம் மூச்சு விடாம இருந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் கேட்டேன். திரும்பி ஓடி வரேன், எல்லாம் முடிஞ்சிருச்சு. ஜான்டி ரோட்ஸ் எறிஞ்சு, ரன் அவுட்டா இல்லையான்னு அம்பயர் தானா சொல்லாம டிவி பாக்கற அம்பயர் கிட்ட கேட்டு, அவரு படத்த பாத்து அவுட்னு சொல்லிட்டாரு. டெண்டுல்கர் 11 ரன். டிவி பாத்து அவுட் குடுக்கப்பட்ட மொத ஆளு உலகத்துலயே அவருதான், தேதி 1992 நவம்பர் 14, எடம் நம்ம ஊரு, நான் கிரவுண்டுக்குள்ளதான் இருந்தேன், பாத்தது ஒரு பச்ச சால்வை மட்டும். அப்பா சாகற வரைக்கும் வீட்டுக்கு யாரு வந்தாலும் "சரித்திரம் நடந்தப்ப எம்பொண்ணு துணி தொவச்சா"ம்பாரு.

அந்த சால்வையையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுக்கப்பறம் கிங்ஸ்மீட்ல நடக்காதது ஒண்ணுமில்ல. 2003 உலகக் கோப்பையில நெஹ்ரா இங்கிலாந்துக்கு எதிரா 23 ரன் குடுத்து 6 விக்கெட், 2007ல பாகிஸ்தான் கூட டை ஆகி ஸ்டம்ப பாத்து பந்து எறிஞ்சு ஜெயிச்சது, அதே வாரத்துல யுவராஜ் ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸ், எல்லாமே இங்கதான். நம்ம டர்பன் பையன் ஹாஷிம் ஆம்லா 2012ல தென்னாப்பிரிக்காவுக்கு ஆடி லண்டன் ஓவல்ல 311 அடிச்சப்புறம் யாருக்கு கைதட்டறதுங்கற கொழப்பம் வேற. எங்க வீட்டுல 2024 டி20 உலகக் கோப்ப ஃபைனல்ல இந்தியாவோட சூர்யகுமார் நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா புடிச்ச கேட்சுக்கு இன்னும் பஞ்சாயத்து முடியல, மருமகன் எல்லைக் கயிறு நகந்திருந்துச்சுன்றாரு, நான் எங்க ஆயா பழமொழிய சொல்லுவேன். ஆடத் தெரியாதவன்.

சரி, புட்பால். நாம என்னமோ இதுக்கு புதுசுன்னு நெனைக்கறாங்க. இங்க இந்தியர்கள் 1903லயே சங்கம் வச்சு சாம் சைனா கப்புக்கு ஆடுனவங்க. காந்தி இங்க இருந்தப்ப அவரு சத்தியாகிரகப் போராட்டத்து பேருல பாசிவ் ரெசிஸ்டர்ஸ்னே புட்பால் டீம் இருந்துச்சு. டர்பன் கர்ரீஸ் ஃபவுண்டன் கிரவுண்டுல ஞாயித்துக்கிழம வேட்டியோட போய் கத்துனவங்க நம்ம தாத்தாமாரு. நம்ம நாட்டு புட்பால் போட்டி ப்ரீமியர் சாக்கர் லீக் ஆரம்பிச்ச மொத சீசன், 1996-97, பெரிய பெரிய கிளப்பெல்லாம் வாயப் பாத்துட்டு நிக்க, யாரு ஜெயிச்சா? நம்ம டர்பன் கிளப் மேனிங் ரேஞ்சர்ஸ்! (இங்க நல்ல கைதட்டல், எழுதாம விட மனசில்ல.) இன்னிக்கு அந்த கிளப் இல்ல. நம்ம பசங்க லிவர்பூல் சட்டையும் யுனைடெட் சட்டையும் போட்டுக்கிட்டு ஒரே வீட்டுல பேச்சுவார்த்த இல்லாம இருக்காங்க.

இந்தியாவுலயும் அதே கததான். 1911லயே மோகன் பகான் வெறுங்காலோட வெள்ளக்காரப் பட்டாளத்து டீம 2-1ன்னு அடிச்சு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்ப வாங்குச்சு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல நம்ம தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜ் பெருவுக்கு எதிரா கோல் போட்டாரு, அதுக்கப்பறம் இந்தியா ஒலிம்பிக் புட்பாலுக்கே போகல. 2022 புட்பால் உலகக் கோப்பையப்ப கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர்ல ஆத்துக்குள்ள மெஸ்ஸி, நெய்மார் கட்அவுட்ட பனமரம் ஒசரத்துக்கு நிப்பாட்டுனாங்க, ஆனா சொந்த டீம் ஆடுனா? 2018ல மும்பைல இந்தியா கேப்டன் சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடிச்சாரு, பாத்தது 2,500 பேரு சுமாரு. திட்டறதுன்னா கூட திட்டுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கன்னு அவரு கும்புட்டு ஒரு வீடியோ போட்டாரு, அடுத்த மேட்ச் டிக்கெட் பூரா காலி. ஆசை இருக்குங்க. யாராவது வாயத் தொறந்து கூப்புடணும், அவ்வளவுதான்.

இப்ப நான் கூப்புடறேன்.

2022ல நம்ம தென்னாப்பிரிக்கா பொம்பளைங்க புட்பால் டீம் பன்யானா பன்யானா, மொராக்கோவ அவங்க ஊர்லயே 2-1 அடிச்சு ஆப்பிரிக்கா கோப்ப வாங்குனாங்க. 2025 நவம்பர்ல பொம்பளைங்க கிரிக்கெட் உலகக் கோப்ப ஃபைனல் இந்தியாவும் நம்ம தென்னாப்பிரிக்காவும், இந்தியா 52 ரன்ல ஜெயிச்சுது, லாரா வோல்வார்ட் நூறு அடிச்சும் தோத்தோம், நான் ரெண்டு பக்கமும் அழுதேன். இதெல்லாம் பாத்துட்டு நம்ம தெருவுல பதினாறு பொண்ணுங்க புட்பால் ஆட வந்திருக்காங்க, சனிக்கிழம தமிழ் வகுப்பு முடிஞ்சதும் நேரா கிரவுண்டு. உடை மாத்த அறை கெடையாது. ரெண்டு பேரு ஒரு பழைய பெட்ஷீட்ட ரெண்டு முனையில புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, பூப்போட்ட ஷீட்டு, நடுவுல அயர்ன் பாக்ஸ் சுட்ட ஓட்டை ஒண்ணு, அந்த ஓட்டைய ஒருத்தி உள்ளங்கையால பொத்திக்கிட்டு நிப்பா, காத்தடிச்சா எல்லாரும் சேந்து கத்துவாங்க. 1992ல எனக்கு சால்வ, இன்னிக்கு இவங்களுக்கு பெட்ஷீட்டு.

நாலு செவுரு, ஒரு கூரை, ஒரு கொழா, ஒரு கக்கூசு. சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு மூணு தடவ லெட்டர் குடுத்தோம். ஒரு ஐயா என்ன சொன்னாரு தெரியுமா, மொதல்ல உங்க பொண்ணுங்க ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும், ஆடத் தெரியாதவங்கதான் வசதி இல்லன்னு சொல்லுவாங்கன்னு. எங்க ஆயா பழமொழி எனக்கே திரும்புது! ஐயா, அந்தக் கிரவுண்டு நெசமாவே கோணல். பந்த நடுவுல வச்சுட்டு கைய எடுங்க, அது தானா உருண்டு கீழ்ப்பக்க கார்னருக்கு போய் நிக்கும், எங்க கோல் கீப்பர் பாதி நேரம் மலையேறறா. அப்புறம் எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம், பழமொழியில அது ஏன் எப்பவும் ஆடத் தெரியாத*வ*? கூடத்த கோணலா கட்டுனவன் எங்க போனான்?

மூணாவது விஷயம் டிவி காசு. செயலாளர் தம்பி கைக்கடிகாரத்த காட்டறாரு, அது அடுத்த வருஷம்.

கவுன்சிலர் அம்மா, இதுதான் அந்த சேதி. மனு இங்க என் கையிலயே இருக்கு, பேனாவும் இருக்கு, மொத கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும்னு மேல எடம் விட்டு வச்சிருக்கேன். மத்தவங்கள்லாம் பிரியாணி தட்டு வாங்கற மேசையில போடலாம், அண்டா கிட்ட நிக்கற அண்ணன்மாரு கையெழுத்து பாத்துட்டுத்தான் கரண்டிய எடுப்பாங்க, பேசி வச்சுட்டேன். வர சனிக்கிழம காலைல ஒம்போது மணிக்கு மேட்ச். வரவங்க வீட்டுல ஓட்ட இல்லாத பெட்ஷீட்டு இருந்தா ஒண்ணு கொண்டு வாங்க.