ஏணி எட்டாத மாடி: நியூயார்க் ஃபயர் கமிஷனர் வால்டோவின் கதை

வணக்கம் மக்களே! ஊரே பார்க்க 146 பேர் செத்த ஒரு தீ விபத்து. அப்போது தீயணைப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவருக்கு இரண்டு மாதத்துக்குள் என்ன கிடைத்தது தெரியுமா? போலீஸ் கமிஷனர் பதவி!

ரைன்லேண்டர் வால்டோ. பணக்கார வீட்டுப் பிள்ளை, பிலிப்பைன்சில் ராணுவ அதிகாரி, அப்புறம் துணை போலீஸ் கமிஷனர், 1910இல் மேயர் கேனர் தயவில் ஃபயர் கமிஷனர். பின்னணி அவ்வளவுதான். ஒன்று மட்டும் மனசில் வையுங்கள்: கமிஷனர் என்பது மேயர் கொடுக்கிற நாற்காலி, நெருப்புக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் சீஃப். அன்றைய சீஃப் எட்வர்ட் குரோக்கர்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். ஆஷ் கட்டடத்தில் 10 மாடி, மேல் மூன்றும் டிரையாங்கிள் தையல் கம்பெனி. எட்டாவது மாடியில் தீ பிடித்தது. வண்டி தாமதமாக வந்தது என்று நினைப்பீர்கள், இல்லை, சில நிமிடத்திலேயே வந்துவிட்டது. ஏணியைத் தூக்குகிறார்கள், ஜன்னலில் நிற்கிற பெண்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆறாவது மாடிப் பக்கம் வந்ததும் ஏணி நின்றுவிட்டது, அதற்கு மேல் அதில் நீளமே கிடையாது! கீழே வலை பிடித்தார்கள். இரண்டு மூன்று பேராகக் கைகோத்துக் குதித்ததில் வலையும் கிழிந்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது, யாரும் துணி திருடிவிடக் கூடாதாம்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. அது 'தீப்பிடிக்காத கட்டடம்' என்று பெயர் வாங்கிய கட்டடம். அந்தப் பெயர் பொய்யும் இல்லை! கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது, நியூயார்க் பல்கலைக்கழகம் அதில் வகுப்பு நடத்துகிறது. துணியும் ஆட்களும்தான் எரிந்தார்கள். உங்கள் ஆபீஸில் அவசர வழிக் கதவு திறக்கிறதா, நாளைக்கே தள்ளிப் பார்த்துவிட்டு கமெண்டில் சொல்லுங்கள்.

சரி, வால்டோ. மே மாதம் போலீசுக்குப் போய்விட்டார். ஃபயர் கமிஷனருக்கு நிஜமான அதிகாரம் கொடுத்த தீத்தடுப்புச் சட்டம் வந்தது அக்டோபரில், அப்போது நாற்காலியில் ஜோசப் ஜான்சன். 1912இல் வால்டோவின் சிறப்புப் படைத் தலைவர் பெக்கர் கொலை வழக்கில் மாட்டினார், 1913 கடைசி நாளில் வால்டோவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு சினிமா செய்தி. 1981இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் வால்டோவாக நடித்தவர் ஜேம்ஸ் காக்னி, வயது 80க்கு மேல். நிஜ வால்டோ போலீஸ் கமிஷனர் ஆனபோது வயது 33, 1927இல் இறந்தபோது 50!