புகை வளர்த்த ப்ளூபெர்ரி

நண்பர்களே, இனிமேல் பழமே சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள். கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில், சட்பரி என்று ஓர் ஊர். 1883-இல் ரயில் பாதை போடும்போது அங்கே செம்பும் நிக்கலும் கலந்த தாது கண்ணில் பட்டது.

அந்தக் காலத்தில் தாதுவை எப்படி வறுத்தார்கள் தெரியுமா? காட்டை வெட்டி விறகாக அடுக்கி, மேலே தாதுவைக் கொட்டித் தீ வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் திறந்தவெளியில் கனன்றுகொண்டிருக்கும். கந்தகப் புகை தரையோடு தரையாகப் படரும். மரங்கள் செத்தன, மண் அரித்துப் போனது, மிஞ்சிய பாறை கறுத்தது. 1972-இல் தாது உருக்கும் ஆலைக்கு 381 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி கட்டினார்கள். ஊர்க்காற்று தேறியது, புகை அடுத்த ஊருக்குப் போனது! மண்ணில் ஏற்கெனவே இறங்கிய உலோகம் மட்டும் எங்கும் போகவில்லை.

சரி, அந்த மண்ணில் என்ன வளரும்? காட்டு ப்ளூபெர்ரி. நம் களாப்பழத்தைவிடச் சிறியது. அதற்கு அமில மண் வேண்டும், வெயில் வேண்டும். இரண்டையும் ஆலையே தந்துவிட்டது. கோடை வந்தால் ஜனங்கள் வாளியோடு பாறைமேல் ஏறிப் பறிக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். ஆலைப் புகையோடு வந்த உலோகங்களில் ஈயம் பெரும்பாலும் தூசியாகப் பழத்தின் தோல்மேல் உட்காரும். வேர் வழியாகப் பழம்வரை ஏறுவது குறைவு. கழுவினால் பெரும்பகுதி போய்விடும். நிக்கல் அப்படியல்ல. மண்ணில் அமிலம் ஏற ஏற அது கரையும், வேர் உறிஞ்சும், பழத்துக்குள்ளேயே போய்விடும். குழாயடியில் எத்தனை தடவை அலசினாலும் வராது.

எவ்வளவு தாங்கும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 மைக்ரோகிராம் நிக்கல். 60 கிலோ ஆளுக்கு 780. 15 கிலோ குழந்தைக்கு 195தான். வீட்டில் இருவருக்கும் ஒரே கிண்ணத்தில்தானே போட்டுத் தருகிறோம்? கவரிங் நகை போட்டாலே அரிப்பெடுக்கும் நிக்கல் ஒவ்வாமைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

1978 முதல் சட்பரியில் சுண்ணாம்பு தூவி மரம் நடுகிறார்கள். சுண்ணாம்பு அமிலத்தைக் குறைத்து நிக்கலைக் கட்டிப்போடும். ஆனால் ப்ளூபெர்ரிக்குச் சுண்ணாம்பும் ஆகாது, நிழலும் ஆகாது. என்னைக் கேட்டால், மரத்துக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம், ஆலைப் பக்கம் பறித்த பழத்தைச் சோதனைக்கு அனுப்புகிறவர்கள் அதே செடியடி மண்ணையும் ஒரு பையில் போட்டு அனுப்புங்கள். பழத்தைக் கழுவி ஒரு தடவையும் கழுவாமல் ஒரு தடவையும் அளக்கச் சொல்லுங்கள். கழுவியதில் உலோக அளவு நன்றாகக் குறைந்தால் அது தூசி. குறையாவிட்டால் பழத்துக்குள்ளேயே இருக்கிறது, அளவும் அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் பறிப்பதை விட்டுவிடுங்கள்.