சட்டம் கேட்டதை மட்டும் சொல்லும் கருவி வீட்டுக்கு எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணியில் தெம்பாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பார்க்கிங் கிடைக்காமல் மூன்று தெரு சுற்றிவிட்டு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் தன் காரைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு ஏற்ற ஸ்கேனர், அதாவது காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவி, எது, எல்லா வண்டிக்கும் பொதுவானதா, அந்தந்தக் கம்பெனி வண்டிக்கென்றே ஆனதா என்பது கேள்வி. இரண்டாவதுதான் என் கட்சி. எனக்கு முன்னால் பேசிய தம்பி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஓர் அடாப்டரை எடுத்துக் காட்டினார். "சில நூறு ரூபாய்தான் சார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் மாருதியானாலும் பேசும், ஹூண்டாயானாலும் பேசும். வீட்டில் நாலு பேருக்கு ஒரே சீப்பு போதாதா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டிவிட்டீர்கள்.

நடுவர் அவர்களே, சீப்பு ஒன்று போதும். மூக்குக்கண்ணாடி ஒன்று போதுமா? தம்பி அவங்க அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த மேடைப் படியில் இறங்கிக் காட்டட்டும், நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதினாறு பின் சாக்கெட் நமக்காக வந்ததென்று தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தில் இருமி இருமி அலுத்துப்போன கலிஃபோர்னியா மாநிலம்தான், கார் தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று முதலில் கம்பெனிகளை மடக்கியது. அது 1988 மாடல் வண்டிகளில் தொடங்கியது. இப்படிக் காரே தன் கோளாறைச் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஓபிடி. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் அதன் இரண்டாம் தலைமுறையான ஓபிடி 2 கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. நம் ஊரில் இரண்டாம் கட்ட ஓபிடி 2013 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. வருஷங்களை அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. இவை எல்லாமே மாசுக் கட்டுப்பாட்டுக்கான ஏற்பாடுகள். புகையைக் கெடுக்கிற கோளாறை எல்லா ஸ்கேனருக்கும் புரியும்படி சொல் என்று மட்டும்தான் சட்டம் கம்பெனிக்குக் கட்டளையிட்டது. பிரேக், ஏர்பேக், பவர் ஸ்டியரிங், ஏசி பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. அதனால் கம்பெனிகள் அவற்றைத் தங்கள் வசதிப்படி, தங்களுக்கு மட்டும் தெரிந்த முறையில் வைத்துக்கொண்டன. பொதுக் கருவி என்பது சட்டம் கேட்ட கேள்விக்கு வந்த பதிலைப் படிக்கும் கருவி. காரிலிருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களை அது விசாரிப்பதே இல்லை.

என் மச்சான் வண்டியில் ஒரு நாள் ஏபிஎஸ் விளக்கு, அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பின் விளக்கு, எரிந்தது. அவரிடமும் தம்பி காட்டிய அதே ரக அடாப்டர்தான். போனில் ஆப்பைத் திறந்து ஸ்கேன் போட்டார். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது: "கோளாறு எதுவும் இல்லை." டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, கையில் பச்சை டிக். எதை நம்புவது? ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அதன் கம்ப்யூட்டரான ஏபிஎஸ் மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். என் தங்கை அன்று இரவு சாப்பிடவில்லை. அப்புறம் அந்த வண்டிக்கென்றே ஆன கருவியை ஒரு நண்பரிடம் வாங்கிவந்து மாட்டினோம். நான்கு சக்கர வேகமும் திரையில் தனித்தனியாக ஓடியது. காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். மூன்று சக்கரம் ஒரே மாதிரி காட்ட, பின்னால் இடது சக்கரம் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. அந்தச் சக்கரத்தின் சென்சாரை மாற்றினோம், விளக்கு அணைந்தது. மாட்யூல் இன்றும் அதே பழைய மாட்யூல்தான்.

"அடிக்கடி எரிவது செக் என்ஜின் விளக்குதானே, அதற்குப் பொதுக் கருவி போதுமே" என்று எதிரணி அம்மா சொன்னார். பாதி நியாயம். பி0301 என்ற கோளாறு எண் வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. எந்தக் கருவியும் சொல்லும், இக்னிஷன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அந்த மதிப்பெண்ணை அவருக்கே கொடுத்துவிடுங்கள். ஆனால் பி1 என்று தொடங்கும் கோளாறு எண் வந்தால்? அவை கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொண்டவை. ஒரே எண்ணுக்கு ஒரு கம்பெனியில் ஓர் அர்த்தம், இன்னொன்றில் வேறு. விலை குறைந்த ஆப் தனக்குத் தெரிந்த ஒரு அர்த்தத்தைத் தைரியமாக எடுத்துப் போடும். நாமும் தைரியமாகப் போய்த் தப்பான பார்ட்டை வாங்கி வருவோம்.

இனி வேலை செய்யும் கதைக்கு வாருங்கள். கோளாறைப் படித்தால் மட்டும் காரியம் முடியுமா? எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்கள் இப்போது நம் தெருவிலேயே எத்தனை நிற்கின்றன! பின் சக்கர பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று வையுங்கள். பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் பிஸ்டனைத் தள்ளிப் பிடித்திருக்கும். சி-கிளாம்ப் போட்டு அதை அழுத்தினால் பிஸ்டன் அசையாது, மோட்டார்தான் உடையும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களுக்கென்று இருக்கும் விசிடிஎஸ் என்ற மென்பொருளில், பல வண்டிகளுக்கு 53ஆம் எண்ணில் பார்க்கிங் பிரேக் இருக்கிறது. அதில் போய்ப் பேட் மாற்றும் நிலையைத் தொடங்கினால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு சக்கரத்திலிருந்தும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். அது நின்றதும் பிஸ்டன் கைக்கு அடங்கிவிடும். பேட் போட்டு, மறுபடி மூடச் சொன்னால் தானே வந்து பிடித்துக்கொள்ளும். தம்பியின் தீப்பெட்டி இதைச் செய்யுமா என்று அவரே சொல்லட்டும்.

விலை என்றார்கள். விசிடிஎஸ் விலை அதிகம்தான். மூன்று வண்டிக்கு மட்டும் வேலை செய்யும் கேபிளே ஏறக்குறைய 200 டாலர். மறைக்கவில்லை. ஆனால் கம்பெனிக்கென்றே ஆனது என்றால் விலை எகிறும் என்பது பொய். ஃபோர்டைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள், நம் மறைமலை நகர் ஆலையும் அதில் சேர்த்தி. ஈகோஸ்போர்ட்டும் ஃபிகோவும் வைத்திருந்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள். ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸ் லேப்டாப்பில் அடிப்படை வசதிகள் இலவசம்.

ஃபோர்டு கார்கள் பலவற்றில், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் இணைப்புகள் இரண்டு உண்டு. வேகமானது 6, 14ஆம் பின்களில் வரும்; பொதுக் கருவி போகும் வழி அது. நடுத்தர வேகமானது 3, 11ஆம் பின்களில். ஏசி, ஆடியோ போன்றவை பெரும்பாலும் அந்தப் பக்கம் குடியிருக்கின்றன. அதனால்தான் ஃபோர்டுக்காரர்கள் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்த அடாப்டரைத் தேடி வாங்குகிறார்கள். தட்டினால் இந்தப் பக்கம், மறுபடி தட்டினால் அந்தப் பக்கம். அந்த ஸ்விட்ச் இல்லாத பொது அடாப்டர் விலையில் பெரிதாக மிச்சப்படுத்திவிடவும் இல்லை.

மாருதிக்கு இப்படி வீட்டில் வைத்துக்கொள்ளும் மலிவான மென்பொருள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடைப்பது கஷ்டம் என்பதற்காகப் போதாதது போதுமானதாகிவிடாது, அவ்வளவுதான் என் பதில்.

"எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து முழு ஸ்கேன் செய்யும் கருவி இருக்கிறதே" என்றும் ஒரு வாதம் வந்தது. இருக்கிறது. ஷென்சென் நகரத்து ஆட்டெல் கம்பெனியின் ஏபி200ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கருவியோடு ஒரு கம்பெனி வண்டிக்கான மென்பொருள் இலவசம், அடுத்த கம்பெனி வேண்டுமென்றால் தனியாகப் பணம். ஏன்? உள்ளே இருப்பது கம்பெனிக்கொன்றாக எழுதின மென்பொருள். பெட்டிதான் பொது. எதிரணி காட்டிய சாட்சி என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது, நடுவர் அவர்களே!

கடைசியாக ஆபத்து. கம்பெனிக் கருவி வண்டிக்குள் எழுதவும் செய்யும், வீட்டில் இருப்பவர் எதையாவது மாற்றித் தொலைத்தால் என்ன செய்வது என்று பயமுறுத்தினார்கள். தெரியாததை எழுதாதே, முதலில் பழைய கோடிங்கை, அதாவது வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளை, சேமித்து வை, பேட்டரி தளர்ந்திருக்கும்போது கை வைக்காதே. எல்லோரும் சொல்லும் எச்சரிக்கைதான், நானும் சொல்கிறேன். ஆனால் பொதுக் கருவி சாதுவென்று யார் சொன்னது? அதிலும் ஒரு பட்டன் இருக்கிறது: கோளாறு எண்ணை அழி. கோளாறு வந்த நொடியில் என்ஜின் என்ன வேகம், கூலன்ட் என்ன சூடு, லோடு எவ்வளவு என்பதையெல்லாம் கார் ஃப்ரீஸ் ஃபிரேமாகப் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போச்சு. விளக்கு அணைந்ததும் வீட்டுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். இரண்டு நாள் கழித்து விளக்கு திரும்ப வரும்போது மெக்கானிக்கிடம் காட்ட ஒரு தடயம் இருக்காது. கையில் ஒரே ஒரு ஆயுதம், அதுவும் சாட்சியை அழிக்கிற ஆயுதம்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். பிஎஸ்6 டீசல் எஸ்யூவி ஒன்று. தினமும் வேளச்சேரியிலிருந்து தரமணிக்கும் திரும்பவுமாக ஊர்ந்து ஊர்ந்து, டீசல் புகையிலிருக்கும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேர்ந்து விளக்கு எரிகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தும் தீரவில்லை. கம்பெனிக் கருவி எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று காட்டும். வண்டியைக் காய்ந்த புல், குப்பை எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் நிறுத்திவிட்டுச் சொன்னால், நின்ற இடத்திலேயே கரியை எரித்தும் கொடுக்கும். நண்பரே, உங்கள் கையிலிருக்கும் பொதுக் கருவியில் அதற்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும்? வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் சீப்பைப் பற்றிப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.