சாவியும் பியானோக் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம். அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று திரைக்குப் பின்னால் எப்படி உருவாகிறது என்று பேசச் சொன்னார்கள். அரங்கம், வேடம், அட்டையில் செய்த விண்கலம் எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. நான் பல வருடம் ஒலிப்பதிவு அறையில் டேப் வெட்டி ஒட்டியவன். அதனால் இன்று ஒலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். ஊரே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கு 24 வயது. முதல் அத்தியாயத்தை ஒருமுறை எடுத்து, சரியில்லை என்று மேலிடம் சொல்ல, முழுவதையும் திரும்ப எடுத்தார்கள்.

சரி, ஒலிக்கு வருகிறேன். கதையில் ஒரு கால இயந்திரம் உண்டு. பார்ப்பதற்கு லண்டன் தெருவோரத்துப் போலீஸ் பெட்டி, அதாவது போலீஸைக் கூப்பிடும் தொலைபேசிக் கூண்டு மாதிரி இருக்கும். ஒரு பெட்டி மறைவதையும் தோன்றுவதையும் காட்டுவது பெரிய விஷயமில்லை. அது காலத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது என்று பார்ப்பவரை நம்பவைப்பது எப்படி? பிபிசியின் ஒலிப் பட்டறையில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலிக் கலைஞர் ஒரு பழைய பியானோவின் உள்ளே, தன் அம்மாவின் வாசற்கதவுச் சாவியை வைத்து தாழ்ந்த சுருதிக் கம்பிகளின் மேல் இழுத்தார். அந்தக் கம்பிகள் வழவழப்பாக இருக்காது, மேலே செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். சாவி அந்தச் சுற்றுகளில் தட்டித் தட்டிப் போகும்போது ஓர் உறுமல் வரும். அதைப் பதிவு செய்து, டேப்பைத் திருப்பி ஓட்டி, எதிரொலி சேர்த்தார். இன்றுவரை அந்த இயந்திரம் கிளம்பும்போது கேட்பது அந்தச் சாவிதான்.

அப்புறம், அந்த முகப்பு இசை. இதைச் சொல்லத்தான் வந்தேன். மெட்டை எழுதியவர் ரான் கிரெய்னர். ஒரே ஒரு தாளில் ஸ்வரங்களை எழுதி, சில இடங்களில் 'மேகங்கள்' என்பது போலக் குறிப்பு மட்டும் வைத்துவிட்டுப் போனார். அதை ஒலியாக்கியவர் அதே பட்டறையில் வேலை பார்த்த டீலியா டெர்பிஷர். கோவென்ட்ரியில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். குழந்தையாக இருந்தபோது கேட்ட விமானத் தாக்குதல் சங்கொலிதான் இந்த விநோத ஒலிகளின் மேல் தனக்கு ஆசையை ஊட்டியது என்று பின்னாளில் சொன்னார்.

இன்றைக்கு விசையைத் தட்டினால் ஸ்வரம் வரும். அப்போது அவரிடம் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கிடையாது. அடி ஸ்வரங்களுக்கு ஒற்றைக் கம்பியை ஒருமுறை சுண்டிப் பதிவு செய்வார். டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி வேண்டிய ஸ்வரங்களைத் தனித்தனித் துண்டாக எடுத்து, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு நறுக்கி, வரிசையாக ஒட்ட வேண்டும். நான் செய்த வேலை இது என்பதால் சொல்கிறேன், மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டி, நகத்தால் தேய்க்க வேண்டும். ஒரு நாடகத்தில் பத்து ஒட்டு போட்டாலே எனக்குக் கண் எரியும். அவர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் ஒட்டு போட்டார். அடி ஸ்வரங்களுக்கு ஒரு டேப், மெட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, இயந்திரங்களை ஒரே நேரத்தில் கையால் ஓடவிட்டு ஒன்றாகப் பதிந்தார்கள்.

ஒருமுறை எல்லாம் சேர்ந்து ஓடும்போது எங்கோ ஒரு ஸ்வரம் இடறியது. எந்த டேப்பில் என்று பிடிபடவில்லை. டெர்பிஷரும் உதவியாளர் டிக் மில்ஸும் டேப்புகளை, பட்டறை இருந்த மைடா வேல் கட்டிடத்தின் நீண்ட நடையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டார்கள். ஒட்டுகள் எல்லாம் ஒன்றுக்கு நேராக ஒன்று இருக்க வேண்டும். குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஓரிடத்தில் ஒரு ஒட்டு மட்டும் நேராக வரவில்லை. அதுதான் பிழை. யோசித்துப் பாருங்கள் நேயர்களே, காதுக்கு அகப்படாத ஸ்வரப் பிழையைத் தரையில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், "இதை நானா எழுதினேன்?" என்றார். "பெரும்பகுதி நீங்கள்தான்" என்றார் டெர்பிஷர். வருமானத்தில் பாதியை அவருக்குத் தர கிரெய்னர் விரும்பினார். ஆனால் அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்களின் பெயரைத் தனியாகப் போடும் வழக்கம் பிபிசியில் இல்லை. டெர்பிஷர் 2001இல் காலமானார். அவர் பெயர் முகப்பு இசைக்காகத் தொடரின் திரையில் வந்தது 2013இல், ஐம்பதாவது ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில். ஐம்பது வருடம்! வெட்டி ஒட்டிய கை யாருடையது என்பது அதுவரை திரையில் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். டாலெக் என்ற எதிரிகளின் கரகர குரலைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ டேப்புகளை பிபிசி அழித்துவிட்டதால், அறுபதுகளின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படம் நம்மிடம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர் வீட்டில் ஒளிபரப்பின் ஒலியை டேப்பில் பதிந்து வைத்திருந்தார்கள். அதனால் படம் போன அந்த அத்தியாயங்கள் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது, அந்தச் சாவிச் சத்தத்தோடு. வணக்கம்.