வேலிக்கு உள்ளே நின்ற பிள்ளை

அவையோருக்கு வணக்கம். சிறுவயது நினைவுகளை எழுதுவது பற்றிப் பேச வந்தேன். வேலி அடைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலியை, அதாவது முடைந்த தென்னோலை வேலியை, தனியொருவர் அடைப்பது கடினம். வெளியே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து உள்ளே குத்துவார். உள்ளே நிற்பவர் கயிற்றைக் கழற்றிப் பிடித்திருந்து, வரிச்சுக்கு, அதாவது குறுக்கே வைத்துக் கட்டும் தடிக்கு, மறுபக்கம் ஊசி திரும்ப வரும்போது கோத்துவிட வேண்டும். அந்த உள்வேலை பெரும்பாலும் வீட்டுச் சிறுவருக்கே விழும். காலை முழுக்கப் பிள்ளை காண்பது ஊசிமுனையை. கேட்பது வெளியே ஒழுங்கையால், அந்தச் சிறு தெருவால், போகிறவர்கள் நின்று கதைக்கும் குரல்களை. சொன்னவரின் முகம் எப்படியிருந்தது, ஏன் திடீரென்று குரல் தணிந்தது என்பதெல்லாம் பிள்ளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். எழுதுகிறவரின் கற்பனை அங்கேதான் பழகுகிறது என்பது என் துணிபு.

ஆகவே இளையவர்களே, எழுத உட்காரும்போது பாதி மட்டும் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். ஒரே இடத்தை எடுங்கள், கிணற்றடி போதும். ஐந்து வயதுப் பிள்ளையின் கண்மட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அந்த உயரத்தில் கிணற்றுக்கட்டின் பாசி தெரியும், குளிப்பவரின் முழங்கால் தெரியும். நீர் இறைக்கும் நீண்ட மரமான துலாவின் நுனி அண்ணாந்தால்தான் தெரியும். 20 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். பயம், ஏக்கம், பாசம் என்ற சொற்கள் வரவேண்டாம்.

அதிகம் பிழை விடுவது எங்கே? வளர்ந்தவரின் அறிவு பிள்ளையின் வாய்க்குள் புகுந்துவிடுகிற இடத்தில். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ் குடாநாட்டின் வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்ததை, அப்போது ஆறு வயதாயிருந்தவர்கள் இன்று எழுதுகிறார்கள். மிக முக்கியமான எழுத்து அது. ஆனால் இரண்டாம் பந்தியிலேயே படை நடவடிக்கையின் பெயரும் அரசியல் காரணமும் வந்தால் பிள்ளை காணாமற்போய்விடும். முன்னால் போகும் சைக்கிளின் கரியரும், நனைந்த சேலைக்கரையும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லாததும் அதன் உலகம்.

சாப்பாட்டிலும் இதே பிழை. ஒடியற்கூழ், பனங்காய்ப்பணியாரம், நுங்கு என்று அடுக்கினால் அது கடைப்பட்டியல். பனையோலையை மடித்துச் செய்த பிளாவின் மடிப்பால் கூழ் ஒழுகி முழங்கைவரை வந்ததையும், உறைப்புத் தாங்காமல் பலாக்கொட்டையை மட்டும் பொறுக்கியதையும் எழுதினால் வாசகரின் நாக்கு விழித்துக்கொள்ளும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாமா? கேளுங்கள், முதற்படி எழுதி முடித்த பின்னர். முன்னரே கேட்டால் அவர்களுடைய ஞாபகம் உங்களுடையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்; பழைய படங்களும் அப்படியே. மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலும் பிறர் சொல்லிக் கேட்டவை. அவற்றை 'அம்மம்மா சொன்னது' என்றே எழுதுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் முரண்பட்டால் உங்களுடையதை அழிக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு சிறுகதைக்குப் போதுமான இடம் உண்டு.

தாளை எடுங்கள். கிணற்றடி, ஒரு மீற்றர், 20 நிமிடம்.