ஊர் மாறிய ரோஸ் பௌல்: 1942 ஜனவரி 1-இல் நடந்தது என்ன?

[திரையில்: மழை கொட்டும் ஒரு மைதானம், குடையும் கோட்டுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம்]

இது ரோஸ் பௌல் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதைவிடப் பழைய, இதைவிடப் பெரிய பெயர் கிடையாது. வழக்கமாக ஜனவரி 1 அன்று, கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் பசடீனாவில், பளீரென்ற வெயிலில், மலையைப் பின்னணியாக வைத்துக்கொண்டு நடக்கும். ஆனால் இந்தப் படத்தில் மலையும் இல்லை, வெயிலும் இல்லை, பசடீனாவும் இல்லை. இது நாட்டின் மறுகோடியில், வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் என்ற புகையிலை ஊர்.

ஏன் அங்கே போனது? "போர் வந்துவிட்டது, அதனால் மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், பல இடங்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்த ஆட்டத்தை இடம் மாற்ற வைத்த அதே ராணுவத் தளபதி, அடுத்த சில மாதங்களில் வேறொன்றையும் இடம் மாற்றினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இந்த வீடியோ.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஃபுட்பால் என்று பெயர், ஆனால் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். 100 யார்டு நீள மைதானம், இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 'எண்ட் ஸோன்'. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே தள்ளிக்கொண்டு போய் எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஓர் உதை, அது கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் 1. இன்னொன்றும் உண்டு, இந்த ஆட்டத்துக்கு அது முக்கியம். கபடியில் எதிரணிப் பக்கம் போய் மாட்டிக்கொள்வோம் அல்லவா, இங்கே பந்தோடு சொந்த வீட்டுக்குள்ளேயே, அதாவது தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2 புள்ளி. அதற்குப் பெயர் சேஃப்டி.

'பௌல்' என்பது கோப்பை இல்லை. 1922-இல் பசடீனாவில் கட்டிய மைதானம் கிண்ணம் போன்ற வடிவில் இருந்ததால் அதற்கு ரோஸ் பௌல் என்று பேர் வைத்தார்கள், பிறகு ஆட்டத்துக்கும் அதே பேர், பிறகு சீசன் முடிந்து நடக்கும் அத்தனை சிறப்பு ஆட்டங்களுக்கும் 'பௌல்' ஒட்டிக்கொண்டது. புத்தாண்டில் ரோஜாப்பூ ஊர்வலம், அதற்கு ஒட்டாக ஓர் ஆட்டம், இதுதான் ஏற்பாடு. 1902-இல் நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. அப்படி ஒருதலைப்பட்சமாகப் போனதும் ஊர்க்காரர்கள் ஃபுட்பாலையே விட்டுவிட்டுச் சில வருடம் ரோமாபுரி பாணியில் தேர்ப் பந்தயம் வைத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தேர், நிஜமாகவே குதிரை. 1916-இல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. அந்த 1916 ஆட்டத்தில் பிரவுன் பல்கலைக்கழக அணியில் வாலஸ் வேட் என்று ஓர் இளைஞர் ஆடினார். பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

[திரையில்: அமெரிக்க வரைபடம், மேற்குக் கரையில் கோர்வாலிஸ், பசடீனா, கிழக்கில் டர்ஹம்]

சரி, 1941. மேற்குக் கரையிலிருந்து ஓரிகன் ஸ்டேட் தேர்வானது. ஓரிகன் மாநிலத்தில் கோர்வாலிஸ் என்ற சின்ன ஊரின் கல்லூரி, ஏழு வெற்றி, இரண்டு தோல்வி, நவம்பர் 29 அன்று பக்கத்து ஊர் எதிரியான ஓரிகன் பல்கலைக்கழகத்தை 12-7 என்று வென்று டிக்கெட் வாங்கியது. ரோஸ் பௌலுக்கு அந்தக் கல்லூரி போவது அதுவே முதல் தடவை. எதிரே டர்ஹம் ஊரின் டியூக் பல்கலைக்கழகம். ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி, நாட்டில் இரண்டாம் இடம். டியூக்கின் கோச் யார் தெரியுமா? அதே வாலஸ் வேட். அலபாமா அணியை மூன்று முறை ரோஸ் பௌலுக்குக் கூட்டிப்போன மனிதர். டியூக்கை 1939-இல் கூட்டிப்போனபோது, சீசன் முழுக்க ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத அணி, கடைசி நிமிடத்தில் ஒரு டச்டவுனை வாங்கி 7-3 என்று தோற்றது. அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இந்தமுறை வருகிறார்கள்.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பேர்ல் ஹார்பர். ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது.

அதற்கப்புறம் மேற்குக் கரையில் நிலவிய பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிய நீர்மூழ்கிகள் உண்மையிலேயே அங்கே சுற்றிக்கொண்டிருந்தன. டிசம்பர் 23 அன்று மான்டெபெல்லோ என்ற எண்ணெய்க் கப்பலைக் கலிபோர்னியாக் கரையை ஒட்டியே மூழ்கடித்தார்கள். மேற்குக் கரையின் பாதுகாப்புக்குப் பொறுப்பு லெப்டினன்ட் ஜெனரல் ஜான் டிவிட். ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கான பேர் தெருவில் நிற்பார்கள், மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர் ஒரே கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள், குண்டு போட வருகிறவனுக்கு இதைவிட வசதியான இலக்கு உண்டா? வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்ள, ஆளுநர் கல்பெர்ட் ஓல்சன் வழியாகச் செய்தி வந்தது. ஊர்வலமும் ரத்து, ஆட்டமும் ரத்து.

அங்கேதான் வேட் ஒரு யோசனை சொன்னார்: எங்கள் ஊருக்கு வாருங்களேன். ரோஸ் பௌல் நடத்துகிறவர்கள் சம்மதித்தார்கள், ஓரிகன் ஸ்டேட்டும் சம்மதித்தது. டியூக்கின் மைதானம் பசடீனாவோடு பார்த்தால் சின்னது. பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்திடமும் என்.சி. ஸ்டேட்டிடமும், அதாவது வருடம் முழுக்க முறைத்துக்கொள்ளும் எதிரிகளிடமே, இருக்கைகளை இரவல் வாங்கிப் போட்டார்கள். கல்யாண வீட்டுக்குத் தெரு முழுக்க நாற்காலி வாங்கிவருவது போலத்தான். கடைசியில் 56,000 பேர் உட்கார இடம் வந்தது, அத்தனையும் நிரம்பியது. ஏற்பாடு முழுக்க இரண்டே வாரத்துக்கும் சற்று அதிகமான நேரத்தில்!

ஓரிகன் ஸ்டேட் அணி ரயில் ஏறியது, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, ஏறத்தாழ 3,000 மைல்.

ஒருவர் மட்டும் ஏறவில்லை.

[திரையில்: வெறுமையான பயிற்சி மைதானம்]

ஜாக் யோஷிஹாரா. அணியில் உதிரி ஆட்டக்காரர். ஜப்பானில் பிறந்து, சின்னக் குழந்தையாக இருக்கும்போதே ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டுக்கு வந்து, அங்கேயே வளர்ந்தவர். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு ஒருநாள் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது, சேறும் வியர்வையுமாக எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், கோட் சூட் போட்ட இரண்டு பேர் மைதானத்துக்குள் வருகிறார்கள். எஃப்.பி.ஐ. ஆட்கள். ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டிலிருந்து 35 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது அப்போதைய உத்தரவு. டர்ஹம் 3,000 மைல். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சீசன் முழுக்கக் கூடவே அடிபட்ட நண்பர்கள் ரயில் ஏறிப்போனார்கள், இவர் கோர்வாலிஸிலேயே இருந்தார்.

ஆட்டத்துக்கு வருவோம்.

டியூக் குறைந்தது இரண்டு டச்டவுன் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பதுதான் பொதுவான கணிப்பு. ஆனால் அன்று மழை, குளிர், வழுக்குகிற தரை. ஓரிகன்காரர்களுக்கு மழை ஒரு விஷயமே இல்லை, அவர்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க அதுதான். முதல் கால்பகுதியில் டான் டர்டன் 15 யார்டு ஓடி உள்ளே நுழைந்தார், 7-0. இரண்டாம் பகுதியில் டியூக்கின் ஸ்டீவ் லாக் திருப்பிக்கொடுத்தார், 7-7. இடைவேளை.

மூன்றாம் பகுதியில்தான் ஆட்டம் சூடு பிடித்தது. பாப் டெத்மன் வீசிய பந்தை ஜார்ஜ் ஸெலிக் பிடித்து ஓடினார், 14-7. டியூக்கின் வின்ஸ்டன் சீக்ஃப்ரீட் ஒரே ஒரு யார்டை முட்டி மோதிக் கடந்தார், 14-14. சரி, இனி பெரிய அணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடும் என்று கூட்டம் நினைத்திருக்கும். அப்போது டெத்மன் மறுபடி ஒரு நீண்ட பாஸ் வீசினார். ஈரப் பந்து, சோப்புக் கட்டியைப் பிடிப்பது மாதிரி. ஜீன் கிரே ஓடிக்கொண்டே அதைக் கையில் வாங்கி, தடுக்க வந்தவரை ஏமாற்றிவிட்டு எண்ட் ஸோன் வரை ஓடிவிட்டார். மொத்தம் 68 யார்டு. கூடுதல் 1 புள்ளிக்கான உதை தவறியது, 20-14.

கடைசிப் பகுதியில் டியூக் ஒரு சேஃப்டி எடுத்தது, டர்டனை அவருடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கி. 20-16. இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்: சேஃப்டிக்குப் பிறகு பந்தும் டியூக் கைக்குத்தான் வரும், வித்தியாசம் 4, ஒரே ஒரு டச்டவுன் போதும். வரவில்லை. ஓரிகன் ஸ்டேட் ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரர் டர்டன். அந்தக் கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்) அதற்குப் பிறகு இரண்டு முறை ரோஸ் பௌல் போய் இரண்டிலும் தோற்றது, ஆக இன்றுவரை அவர்களிடம் இருக்கும் ஒரே ரோஸ் பௌல் வெற்றி, ரோஸ் பௌல் மைதானத்தில் கிடைத்தது இல்லை.

வேட் தோற்ற கோபத்தில் வீட்டில் உட்காரவில்லை. ஐம்பது வயதை நெருங்குகிறவர், கோச் வேலையை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்து, பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றின் தளபதியாக ஐரோப்பா போனார். அன்று களத்தில் எதிரெதிரே நின்ற பையன்களில் பெரும்பாலோரும் சீருடை போட்டார்கள். 1944-45 குளிர்காலத்தில், பல்ஜ் சண்டையின்போது, பெல்ஜியம் பக்கத்து உறைபனியில் ஓரிகன் ஸ்டேட் வீரர் ஸ்டான்லி செக் அதே வேட்டைச் சந்தித்தார், இரண்டு பேரும் உட்கார்ந்து சூடாகக் காபி குடித்தார்கள். இத்தாலியில் டியூக்கின் சார்லஸ் ஹேய்ன்ஸ் குண்டடி பட்டுக் கிடந்தபோது, அவரைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றியவர் ஓரிகன் ஸ்டேட்டின் ஃபிராங்க் பார்க்கர். சினிமாவில் வைத்தால் 'ஓவர்' என்று சொல்லிவிடுவோம்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. டியூக்கின் மூன்று பேரும் ஓரிகன் ஸ்டேட்டின் ஒருவரும் போரில் இறந்தார்கள். டியூக்கின் பாப் நானி பசிபிக் பெருங்கடலின் ஐவோ ஜிமா தீவில், அல் ஹூவர் பெலிலியூ தீவில். ஈரப் பந்தைப் பிடித்து ஓடிய ஜீன் கிரே விமானியாகி ஜெர்மனி மீது பல தடவை பறந்து, ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினார். போர் முடிந்த பிறகு பனாமாவில் நடந்த விமான விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தார்.

[திரையில்: முள்வேலி, வரிசையாகத் தகரக் கொட்டகைகள்]

இப்போது ஜெனரல் டிவிட்டிடம் திரும்புவோம். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நிர்வாக ஆணை 9066-இல், அதாவது ராணுவம் குறிக்கும் பகுதிகளிலிருந்து யாரையும் வெளியேற்றலாம் என்ற ஆணையில், கையெழுத்துப் போட்டார். அப்படி ஓர் ஆணை வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் டிவிட் முக்கியமானவர், அதை மேற்குக் கரையில் நிறைவேற்றியவரும் அவரே. ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். முகாம் தயாராகும் வரை எங்கே வைப்பது? பசடீனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சான்டா அனிட்டா பந்தய மைதானத்தின் குதிரை லாயத்தில் பல குடும்பங்களை வைத்தார்கள். போர்ட்லேண்டில் கால்நடைக் கண்காட்சி நடத்தும் கொட்டகையில்.

ஒரு விளையாட்டுக்கு ஆபத்து என்றதும் ஊர் ஊராக "எங்களிடம் வா" என்று கூப்பிட்டார்கள், இருக்கை இரவல் கிடைத்தது. இந்த மனிதர்களுக்கு அப்படி எந்த ஊரிலிருந்தும் தந்தி வரவில்லை. எனக்கு இந்த ஆட்டத்தின் ஸ்கோரைவிட இதுதான் திரும்பத் திரும்ப மண்டையில் ஓடுகிறது.

யோஷிஹாரா படிப்பை முடிக்கவில்லை. முதலில் போர்ட்லேண்டின் அந்தக் கால்நடைக் கொட்டகை, பிறகு ஐடஹோ மாநிலத்தின் பொட்டல்வெளியில் மினிடோகா முகாம்.

[திரையில்: டர்ஹம் மைதானம், இன்றைய தோற்றம்]

டியூக் மைதானத்துக்கு 1967-இல் வாலஸ் வேட் பெயரை வைத்தார்கள். ரோஸ் பௌல் அதற்கப்புறம் பசடீனாவை விட்டு நகராமலேயே இருந்தது, 2021 ஜனவரி 1 வரை. அன்று கொரோனா கட்டுப்பாட்டால் டெக்சஸின் ஆர்லிங்டனுக்குப் போனது, அலபாமாவும் நோட்ர டேமும் ஆடின.

யோஷிஹாராவுக்கு, அணி வீரர்களுக்குத் தரும் ரோஸ் பௌல் மோதிரம் ஒன்று வந்து சேர்ந்தது, பல பத்தாண்டுகள் கழித்து. 2008 ஜூனில் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம், 1942-இல் படிப்பைப் பாதியில் விட்டுப்போக நேர்ந்த ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. சிலருக்குப் பதிலாகப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ வந்து வாங்கிக்கொண்டார்கள். யோஷிஹாரா தானே வந்து வாங்கினார். அடுத்த வருடம் காலமானார்.