கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'சுற்றுச்சூழல் நீதியும் மக்கள் பங்கேற்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று அழுத்திப் பேசப் போகிறேன். ஏற்கெனவே புகையையும் கழிவையும் சுமந்துகொண்டிருக்கும் ஓர் ஊருக்கு இன்னொரு ஆலை வருகிறது என்றால், அந்த மக்களிடம் எப்போது கேட்கிறார்கள்? முடிவெடுப்பதற்கு முன்பா, எடுத்த பிறகா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் அந்த ஊரின் கதி என்னவாகும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உதாரணங்களை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சுற்றுச்சூழல் நீதி ஓர் இயக்கமாக உருவெடுத்ததில் அந்த நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே மக்கள் தோற்றதும் வென்றதும் அரசு அறிக்கைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பதிவாகியிருக்கின்றன.

1978ஆம் ஆண்டு கோடையில், வட கரோலினா மாநிலத்தில், லாரிகள் இரவு நேரத்தில் கிளம்பின. பி.சி.பி. என்ற நச்சு கலந்த எண்ணெயைச் சாலை ஓரமாகவே ஊற்றிக்கொண்டு போயின. ஏறத்தாழ 31,000 கேலன் எண்ணெய், 200 மைலுக்கு மேற்பட்ட சாலைகளில் கொட்டப்பட்டது. நச்சேறிய மண்ணை எங்காவது புதைத்தாக வேண்டும். மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது. மாநிலத்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அங்கே நிலத்தடி நீர் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே இருந்தது. மக்கள் கிணற்று நீரை நம்பியிருந்தார்கள்.

1979 தொடக்கத்திலேயே அங்கே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது என்பதைக் கவனியுங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வந்து எதிர்த்துப் பேசினார்கள். இடம் மாறவில்லை. 1982 செப்டம்பரில் மண் ஏற்றிய லாரிகள் வந்தபோது, பேசிப் பயனில்லை என்று தெரிந்த மக்கள் சாலையில் படுத்தார்கள். சில வாரங்களுக்குள் 500க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். அப்படியும் கிடங்கு அமைந்துவிட்டது. அந்த மண்ணை நச்சுநீக்கம் செய்து முடிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆனால் அந்தக் கைதுகள் வீண்போகவில்லை. கைதானவர்களில் ஒருவர் வால்ட்டர் ஃபான்ட்ராய். நாடாளுமன்றத்தில் தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதியாக இருந்தவர். அவர் கேட்டதன் பேரில் அரசின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 1983இல் அறிக்கை கொடுத்தது. தென்கிழக்கு மாநிலங்களில் ஆராயப்பட்ட 4 அபாயக் கழிவுக் கிடங்குகளில் 3, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் இருந்தன. 1987இல் ஒரு கிறிஸ்தவத் திருச்சபையின் இனநீதிக் குழு நாடு முழுவதையும் ஆராய்ந்தது. அபாயக் கழிவு நிலையம் எங்கே அமைகிறது என்பதோடு மிக நெருங்கிய தொடர்புடைய காரணி, அங்கே வாழும் மக்களின் இனமே என்று அது கண்டது. வருமானம்கூட அதற்கு அடுத்துத்தான். ஹியூஸ்டன் நகரில் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் 1979இலேயே இதைத்தான் கண்டிருந்தார். நகராட்சிக்குச் சொந்தமான 5 குப்பைக் கிடங்குகளும் கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்தன. நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். இதைத் தற்செயல் என்று நம்பச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இப்போது கலிபோர்னியாவில் உள்ள கெட்டில்மேன் சிட்டிக்கு வருவோம். பெயரில்தான் 'சிட்டி' இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் வயல்களில் கூலிவேலை செய்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஸ்பானிஷ் மொழி மட்டுமே தெரியும். ஊரிலிருந்து சில மைல் தொலைவில் ஒரு பெரும் அபாயக் கழிவுக் கிடங்கு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, 1988இல் அதே இடத்தில் நச்சுக் கழிவை எரிக்கும் எரிஉலை ஒன்றை அமைக்கும் திட்டம் வந்தது.

சட்டப்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரானது. ஏறத்தாழ ஆயிரம் பக்கம். முழுக்க ஆங்கிலத்தில். ஸ்பானிஷில் மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்று மக்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். கவுண்டி நிர்வாகம் மறுத்துவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஏறத்தாழ 35 மைல் தள்ளியிருந்த ஹான்ஃபோர்டு என்ற நகரத்தில். பகலெல்லாம் வயலில் வேலை செய்தவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த அரங்கத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மிக நீண்ட கூடம். முன்னால் உயரமான மேடையில் திட்டக் குழுவினர். அதற்கு எதிரே ஒலிபெருக்கி, அதற்குப் பிறகு வரிசை வரிசையாக நாற்காலிகள். அந்த நாற்காலிகள் எல்லாம் முடிந்த பிறகு, கூடத்தின் கடைக்கோடியில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்கள் அங்கே போய் உட்காரலாம் என்றார்கள். யாருடைய வீட்டுக்கு அருகில் புகைபோக்கி எழப்போகிறதோ, அவர்கள் கடைசியில். மேடையில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாத தூரத்தில்.

அந்த மக்கள் அங்கே உட்கார மறுத்தார்கள். எழுந்து மொத்தமாக முன்னால் நடந்து வந்தார்கள். கறுப்பின மக்களைப் பஸ்ஸின் பின்பகுதிக்கு அனுப்பிய காலம் முடிந்துவிட்டது, எங்களைப் பின்னால் அனுப்பாதீர்கள் என்று ஸ்பானிஷிலேயே சொன்னார்கள். இந்தப் போராட்டத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் அந்த நடையில்தான் போய் நிற்கிறது. அறிக்கையை அவர்கள் படிக்க முடியாதபடி செய்தார்கள், கூட்டத்தை எட்டாத தூரத்தில் வைத்தார்கள், அங்கேயும் இருக்கையைக் கடைசியில் போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் கோப்பில் 'மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது' என்று ஒரு வரி ஏறியிருக்கும்.

கவுண்டி அனுமதி கொடுத்தது. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நம் தலைப்பின் உயிர்நாடி: மொழிபெயர்ப்பு இல்லாததால் அந்த மக்கள் உண்மையான பொருளில் பங்கேற்க முடியாமல் போயிற்று என்பது. 1993இல் நிறுவனம் எரிஉலைத் திட்டத்தைக் கைவிட்டது. பழைய கிடங்கு மட்டும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது. 2014இல் அதை விரிவுபடுத்தவும் அனுமதி கிடைத்தது. ஒரு தீர்ப்போடு ஓர் ஊரின் பாரம் இறங்கிவிடுவதில்லை.

இதே காலகட்டத்தில், 1991 அக்டோபரில், வாஷிங்டனில் கறுப்பின, லத்தீன், பூர்வகுடி, ஆசிய வம்சாவளிச் செயற்பாட்டாளர்கள் கூடிச் சுற்றுச்சூழல் நீதிக்கான 17 கோட்பாடுகளை வகுத்தார்கள். அதில் ஏழாவது, முடிவெடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சம பங்காளிகளாகப் பங்கேற்கும் உரிமை. 'ஒவ்வொரு கட்டத்திலும்' என்றால் தேவை உண்டா என்று ஆராயும் முதல் கட்டத்திலிருந்தே. இங்கேதான் பெரும்பாலான அரசுகள் நழுவுகின்றன. ஆலை தேவையா என்ற கேள்வியை மக்களிடம் யாரும் கேட்பதில்லை. புகைபோக்கிக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்ற அளவுக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஐரோப்பிய நாடுகள் 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை இதைச் சட்ட மொழியில் தெளிவாகச் சொல்கிறது: எல்லாத் தெரிவுகளும் திறந்திருக்கும்போதே, தொடக்கத்திலேயே மக்கள் பங்கேற்க வேண்டும். 2018இல் கையெழுத்தாகி 2021இல் நடைமுறைக்கு வந்த லத்தீன் அமெரிக்க நாடுகளின் எஸ்காசு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மக்களுக்குப் புரியும் மொழியில் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுப்பவர்களை அரசு பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கண்டத்தில் எத்தனை பேர் அதற்காகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

இன்னொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் ஒவ்வோர் ஆலையையும் தனித்தனியாக அளக்கிறார்கள். இந்த ஆலையின் புகை வரம்புக்குள் இருக்கிறது, அனுமதி. அந்த ஆலையின் கழிவுநீர் வரம்புக்குள் இருக்கிறது, அனுமதி. பத்து ஆலைகளும் வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் அங்கே வாழும் குழந்தை பத்தையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறது. நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் அயர்ன்பவுண்ட் என்ற பகுதி இருக்கிறது. பக்கத்தில் விமான நிலையம், துறைமுகம், குப்பை எரிஉலை, பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், டையாக்சின் என்ற நச்சு படிந்த ஆறு. எல்லாம் தனித்தனிக் கோப்புகள்.

அந்தப் பகுதி மக்களும் அவர்களைப் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் விளைவாக, 2020 செப்டம்பர் 18 அன்று நியூஜெர்சியில் ஒரு சட்டம் கையெழுத்தானது. குறைந்த வருமானக் குடும்பங்கள் 35 சதவீதம், அல்லது சிறுபான்மை இனத்தவரோ அங்கீகரிக்கப்பட்ட பழங்குடியினரோ 40 சதவீதம், அல்லது ஆங்கிலம் சரளமாகத் தெரியாத குடும்பங்கள் 40 சதவீதம் இருந்தால், அது அதிகச் சுமை தாங்கும் பகுதி. அங்கே எரிஉலையோ குப்பைக் கிடங்கோ பெரும் புகை வெளியிடும் ஆலையோ வர வேண்டுமானால், ஏற்கெனவே இருக்கும் பாரத்தோடு புதியதையும் சேர்த்துக் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும். கூட்டத்தை அந்தப் பகுதியிலேயே நடத்த வேண்டும். 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். தேவையான இடங்களில் ஆங்கிலம் அல்லாத உள்ளூர்ச் செய்தித்தாளிலும் அறிவிப்பு வர வேண்டும். மொத்தச் சுமை மற்ற பகுதிகளைவிட அளவுக்கு மிஞ்சுமானால், புதிய ஆலைக்கு அனுமதி மறுத்தாக வேண்டும். அந்த மக்களுக்கே இன்றியமையாத பொதுநலன் ஒன்று இருந்தால் மட்டும் விலக்கு. வேலைவாய்ப்பு, வரி வருவாய் போன்ற பொருளாதார நன்மைகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2023இல் வந்த விதிகள் சொல்கின்றன. கேட்டுவிட்டு மறந்துவிடும் சடங்கை, மறுக்கும் அதிகாரத்தோடு இந்தச் சட்டம் இணைத்தது. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேலைவாய்ப்பை ஏன் சேர்க்கக் கூடாது, அது மக்களுக்கு நல்லதுதானே என்று இங்கேயே சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. லூசியானாவில் நார்கோ என்ற ஊர். அங்கே டயமண்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பு, ஒரு ரசாயன ஆலையின் வேலியை ஒட்டி இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் புகையைக் குடித்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அந்தப் பக்கம் வேலை கிடைத்தது. மார்ஜி ரிச்சர்ட் என்ற ஆசிரியையின் வீடு வேலியிலிருந்து 25 அடி. காற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டபோது, அவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்தார்கள். வாளிக்குள் காற்றுப் புகாத ஒரு பை. வாளியிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று ஒரு குழாய் வழியாகப் பைக்குள் நிறையும். நாற்றம் வீசும் நேரத்தில் பையை நிரப்பி, மூடி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்கள் இருப்பதை ஆய்வு முடிவுகள் சொல்லின. 2002இல் அந்தக் குடியிருப்பு மக்களின் வீடுகளை வாங்கிக்கொண்டு, அவர்கள் வேறிடம் போக வழிசெய்ய நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2004இல் மார்ஜி ரிச்சர்டுக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் நகரிலும் இப்படித்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் அதிகாரத்தை மாநில அரசு நியமித்த நிர்வாகியிடம் கொடுத்திருந்த காலத்தில், 2014 ஏப்ரலில் குடிநீர் மூலத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. தாய்மார்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்தார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்ற பதிலே வந்தது. 2015இல் நூற்றுக்கணக்கான வீடுகளில் மக்களே மாதிரி எடுத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியிட்டார். அந்த அக்டோபரில் பழைய நீர்மூலத்துக்குத் திரும்பினார்கள். வாக்குக்கு மதிப்பில்லாத நகரத்தில் வாய்ச்சொல்லுக்கும் மதிப்பில்லாமல் போனது.

இன்றைய நிலையையும் மறைக்காமல் சொல்கிறேன். 1994இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த சுற்றுச்சூழல் நீதி ஆணையை 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ரத்து செய்துவிட்டார். ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போயிற்று. சட்டமன்றம் இயற்றிய நியூஜெர்சிச் சட்டத்தை அப்படி ஒரே நாளில் கலைக்க முடியாது. ஆகவே ஆணைகளையும் வாக்குறுதிகளையும் வாங்கிக்கொண்டு திருப்தி அடைந்துவிடாதீர்கள். சட்டமாகக் கேளுங்கள்.

உங்களில் யாராவது எந்த நாட்டிலாவது ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போக நேர்ந்தால், பேசுவதற்கு முன்பு கேளுங்கள்: இன்னும் எந்தெந்த மாற்று வழிகள் திறந்திருக்கின்றன? இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆலைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டீர்களா? முழு அறிக்கையும் எங்கள் மொழியில் எங்கே இருக்கிறது, படிக்க எத்தனை நாள் கொடுத்தீர்கள்? பதில் வராவிட்டால், வரவில்லை என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேசியதோடு நிறுத்தாமல் ஆட்சேபனையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். ஒவ்வோர் ஆட்சேபனைக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். கூட்டத்தின் முழுப் பதிவின் நகலை மனுச் செய்து பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான்.

நன்றி, வணக்கம்.